காத்து பிரிஞ்சுதா

தருமபுரி பெரியாஸ்பத்திரி,
ஆண்கள் அறுவை வார்டு, பதினேழாம் கட்டில்.
தொப்புளுக்கு மேலும் கீழும் இருபத்திரண்டு தையல்.
மூக்கில் விட்ட குழாய் வழியே
பச்சையாய் ஏதோ இறங்கிப் பைக்குள் சேர்கிறது.
பைமேல் பேனாவால் கோடு போட்டு
மணி எழுதிவிட்டுப் போகிறார் ரூபாவதி சிஸ்டர்.
போகும்போது கேட்பது ஒன்றுதான்:
"காத்து பிரிஞ்சுதா?"

அவரிடம் இல்லை, என்னிடம்.
பெண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும் என்று.

சிஸ்டருக்குத் தெரியாது,
நானும் இந்தத் தீர்த்தகிரியும் பேசி
ஒன்பது மாதம் ஆகிறது.
தட்டை வைத்தால்
"களி வேகல" என்று நாயிடம் சொல்வார்.
"வேகாத களி தின்னு எவனும் சாகல" என்று
நானும் நாயிடம்தான் சொல்வேன்.
அது இரண்டு பக்கமும் வாலாட்டும்.

என் கம்மலை அடகு வைத்துப் போட்ட போர்.
ஆயிரத்து நூற்று நாற்பது அடி.
ரிக் வண்டி விடிய விடிய இரைந்தது.
எண்ணூறில் வெள்ளைப் புழுதி
ஆயிரத்தில் கறுப்புப் புழுதி
கடைசியில் வெறும் காத்து.
தக்காளிச் செடியெல்லாம் மாவு பூசிக்கொண்டு நின்றன.
"நிறுத்து" என்று நான் சொன்னது அறுநூறில்.
அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

இங்கே ஒரு டாக்டர் பையன்
காலையும் சாயந்திரமும் வயிற்றில் குழலை வைத்துக்
கண்ணை மூடிக் கேட்கிறான்.
உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து
நீரோட்டம் பார்த்த ஆளும்
இப்படித்தான் கண்ணை மூடினான்.
"குடல் இன்னும் தூங்குதும்மா.
அது முழிச்சாத்தான் தண்ணி."

அதுவரை சொட்டுக்கூடக் கூடாது.
உதட்டில் ஈரப் பஞ்சு மட்டும்.
நான் வைக்கிறேன், அவர் சப்புகிறார்,
இரண்டு பேரும் சுவரைப் பார்க்கிறோம்.

பதினாறில் அப்சல்.
காவேரிப்பட்டணத்து மாங்கூழ் ஆலையில் லோடு ஏற்றுகிறவர்.
மூன்றாம் நாள் மத்தியானம்
போர்வைக்குள்ளிருந்து விட்டார் நீளமாய் ஒன்று,
மழையில் நனைந்த ஆட்டோ கிளம்புகிற மாதிரி.
வார்டே திரும்பியது.
ஒருவரும் மூக்கைப் பொத்தவில்லை.
"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் அவர் சம்சாரம்.
எதிர்க் கட்டில்காரர் படுத்தபடியே கும்பிட்டார்.
சாயந்திரம் அவருக்கு இளநீர் வந்தது.

எனக்கு வயிறு எரிந்தது.
ஊரார் நகையைப் பார்த்துக்கூட
இப்படி எரிந்ததில்லை.

நாலாம் நாள் ராத்திரி.
வயிறு உப்பி, கல் மாதிரி.
அவர் முழித்திருந்தார். நானும்.
நாய் ஊரில் இருந்தது.

வேறு வழியில்லை. நேராகவே கேட்டேன்.
"காத்து பிரிஞ்சுதா?"

"இல்ல."
கொஞ்சம் பொறுத்து,
"அன்னைக்குப் போர்லயே
எல்லாம் போயிடுச்சோ என்னமோ."

சிரித்தால் தையல் இழுக்கும்.
வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.
"சிரிக்காதய்யா, பிரிஞ்சிடப் போகுது" என்று
தலையணையை வயிற்றின்மேல் வைத்து
அழுத்திப் பிடித்தேன்.
எது பிரிந்துவிடும் என்று சொன்னேன்,
தையலா, காத்தா, எனக்கே தெரியவில்லை.

ஐந்தே முக்காலுக்கு,
பினாயில் வாளியோடு துடைக்கிறவள் வரும் நேரம்,
புதுத் துணி கிழிகிற மாதிரி
சின்னதாய், கூச்சத்தோடு ஒன்று.
பிறகு இன்னொன்று. அதற்குக் கூச்சமில்லை.

நான் செருப்பில்லாமல் ஓடினேன்
சிஸ்டர் மேசைக்கு.

மூக்குக் குழாயை எடுத்துவிட்டார்கள்.
முதல் ஸ்பூன் தண்ணீர்.
தொண்டையில் அது இறங்குகிற சத்தம்
ஆயிரத்து நூற்று நாற்பது அடிக்கும் கேட்காத சத்தம்
எனக்குக் கேட்டது.

இரண்டாம் ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.

"கம்மல எப்பத் திருப்பற?" என்றேன்.

வாயைத் திறந்தபடியே என்னைப் பார்த்தார்.
ஸ்பூன் என் கையில் இருந்தது.